பொருத்தம் பார்க்காமல்

டவுன்ஹால் ரோடு நடைபாதையில்
பத்து ரூபாய்க்குக் கிடைத்த சிடி.
அட்டையில் வேறு ஏதோ படத்துக் கிழவி.
உள்ளே இருந்தவரோ
என் அம்மா பள்ளிக்கூடம் போன காலத்தில்
எந்தச் சீமை டிவிக்கோ எடுத்த
இரண்டரை மணி நேரப் பிரபு.

பெரியாஸ்பத்திரி ரத்த வங்கியில்
சிடி ஓடும் கம்ப்யூட்டர் இது ஒன்றுதான் மிச்சம்.
ராத்திரி ட்யூட்டி. நானும் காஜா மைதீனும்.
முதுகுக்குப் பின்னால் நான்கு டிகிரியில் உறுமும் பெட்டி.
"நம்ம டிபார்ட்மென்ட் படம்தான், லூர்து"
என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கதவைச் சாத்தினால் கோட்டைச் சுவர் நடுங்குகிறது.
வௌவாலின் நூல் தெரிகிறது.
மெழுகுவத்தியை நகர்த்தும்போதெல்லாம்
சுடர் ஒரு பச்சை வாலை இழுத்துக்கொண்டு போகிறது.
ஊளையிடும் ஓநாய்கள் அத்தனையும் ஒரே நாய்.
காஜா எண்ணினார்: பதினோரு தடவை.

சிரித்துக்கொண்டேதான் இருந்தோம்
அவர் வாய் திறக்கும் வரை.

பல்லைக் காட்டவில்லை.
கைமாற்று கேட்க வந்தவர்போலத்
தலையைக் கொஞ்சம் சாய்த்து
விருந்தாளியிடம், சாப்பிட்டீர்களா என்கிறார்.
தான் சாப்பிடுவதில்லை.
பின்னணியில் வயலின்கூட இல்லை,
ஒரு கடிகாரம் மட்டும்.
இப்போதைய பேய்கள்
மூன்றாம் நிமிஷமே கேமராவைப் பிறாண்டுகின்றன.
இவருக்கு அவசரமே இல்லை.
நாற்பதாம் நிமிஷத்தில்தான்
கையுறையைக் கழற்றினார், ஒவ்வொரு விரலாக.
உள்ளங்கையில் முடி.

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தப் பெண்.
காகிதமாய் வெளுத்துக் கிடக்கிறாள்.
அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்ட மூன்று பேரும்
ஒருவர் பின் ஒருவராய்ச் சட்டைக்கையை மடித்து
ரப்பர் குழாயில் ரத்தம் தருகிறார்கள்.
பற்றாமல் கிழட்டு வைத்தியரும்.
காஜா எழுந்தே விட்டார்.
"குரூப் பாக்கலையே! கிராஸ்மேட்ச் இல்ல,
ஒரு மண்ணும் இல்ல..."
நாவல் வந்து நாலு வருஷம் கழித்துத்தான்
குரூப்பே கண்டுபிடித்தார்கள் என்றேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
"அப்ப அந்தப் புள்ளயக் கொன்னது யாரு?"

இரண்டே முக்காலுக்கு பிரசவ வார்டிலிருந்து போன்.
கருமாத்தூர்ப் பெண், ஓ நெகட்டிவ், நிற்கவில்லை.
இருந்த ஒரு பையை அனுப்பிவிட்டு
டைரியைப் புரட்டி மூன்று பேரை எழுப்பினோம்.
ஒருவர் எடுத்தார்.
ஒத்தக்கடை, மினி லாரி, செல்லக்கண்ணு.

படத்தை நிறுத்தி வைத்திருந்தோம்.
ஜன்னலுக்கு வெளியே பிரபு.
யாராவது வா என்று சொல்லாமல்
அவரால் உள்ளே வர முடியாது.

"உள்ள வரலாமாங்க?"
வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார் செல்லக்கண்ணு.

வாங்க என்றேன்.
எடை, ஹீமோகுளோபின், கையெழுத்து.
தலையைக் கொஞ்சம் சாய்த்து
"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டபோதுதான்
என் குரல் எனக்கே கேட்டது.
காஜா திரும்பிப் பார்த்தார்.

"இப்பத்தான், கோரிப்பாளையத்துல.
ரெண்டு பரோட்டா, ஒரு ரத்தப் பொரியல்."
சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டார்.

கையுறையை மாட்டினேன்.
ஊசி இறங்கும்போது அந்தப் பக்கம் பாருங்கள் என்பேன்,
வழக்கமாய்ச் சொல்வது.
அந்தப் பக்கம் கம்ப்யூட்டர்.
முந்நூற்றைம்பது மில்லியும்
அவர் பிரபுவின் முகத்தையே பார்த்துப் படுத்திருந்தார்.
"யாருங்க அவரு, டாக்டரா?"

டெஸ்டுகள் முடிந்து
பொருத்தம் பார்க்க ஐந்தாகிவிட்டது.
கண்ணாடிக் குழாயில் அவளுடையது, அவருடையது.
வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.
திரியவில்லை.
காஜா பையைத் துண்டில் சுற்றி
மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

மிச்சப் படத்தைப் போட்டால்
சிடி அதே இடத்தில் திக்கியது.
துடைத்தேன், ஊதினேன்.
பனகல் ரோட்டில் முதல் டவுன் பஸ் ஹாரன் அடித்தது.
வெயில் வரும்வரை
அவர் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார்,
சொல்லுக்குக் காத்திருக்கும் முகத்தோடு.
திரையை அணைக்க
என்னவோ போலிருந்தது.